28 நாள் ரீசார்ஜும் கூகுள் கணக்கின் உள்நுழைவுப் பட்டியலும்

கூகுள் கணக்கில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்ததும் எல்லோரும் முதலில் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் வாசல் பூட்டை மாற்றிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட மாதிரிதான். புகுந்தவர் வைத்துவிட்டுப் போன ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாக ஒதுக்கும் விதி), ஃபார்வர்டிங் முகவரி (மெயிலின் நகல் போகும் முகவரி), மாற்றிய மீட்பு எண் எல்லாம் கடவுச்சொல் மாறினாலும் அசையாமல் அப்படியே இருக்கும். அதனால் கணக்கைக் கண்காணிப்பதில் இரண்டு வேலை உண்டு. யார் வந்தார் என்று பார்ப்பது ஒன்று, வந்தவர் எதைத் தொட்டார் என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவதைக் கூகுளே ஓரளவு சொல்லிவிடும். இரண்டாவதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, கூகுள், பிறகு 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுண்ட்', அதில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போங்கள். பெயரும் இடமும் போனுக்குப் போன் சற்று மாறும். கணினியில் மைஅக்கவுண்ட்.கூகுள்.காம் போனால் அதே பக்கம்தான். அங்கே நமக்கு வேண்டியவை இரண்டு: 'ரீசன்ட் செக்யூரிட்டி ஆக்டிவிட்டி', 'யுவர் டிவைசஸ்'. முதல் பட்டியலில் புதிய உள்நுழைவு, கடவுச்சொல் மாற்றம், மீட்பு எண் மாற்றம், இரண்டடுக்குச் சரிபார்ப்பில் (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்பது) செய்த மாற்றம் எல்லாம் வரும். கடந்த 28 நாள் கணக்கு மட்டுமே இருக்கும். அதற்கு முந்தையது போய்விடும். ப்ரீபெய்டு ரீசார்ஜும் பெரும்பாலும் 28 நாள்தானே! ரீசார்ஜ் போடும் அன்றே இதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் இடையில் எதுவும் நழுவாது. காலண்டரில் தனியாக எழுதி வைக்கத் தேவையில்லை.

பட்டியலைத் திறந்ததும் பலர் பயந்துபோவார்கள். பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் திருடன் இல்லை, பட்டியலைப் படிக்கத் தெரியாததுதான்.

முதலில் நேரம். ஒரு சாதனத்தின் எதிரே 'இன்று காலை 4.10' என்று இருந்தால், அந்த நேரத்தில் யாரோ உட்கார்ந்து மெயில் படித்தார்கள் என்று பொருளில்லை. அந்தச் சாதனம் கடைசியாகக் கூகுளோடு தொடர்புகொண்ட நேரம் அது. அலமாரியில் சார்ஜோடு கிடக்கும் பழைய டேப்லெட்கூடத் தானாக சிங்க் செய்துகொண்டு இன்றைய நேரத்தைக் காட்டும். வெளியேறிவிட்ட சாதனமும் 28 நாள் வரை பட்டியலில் நிற்கும். பக்கத்தில் வெளியேறியதாகக் குறிப்பு இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரே லேப்டாப் மூன்று முறை வரலாம். குரோமில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸில் ஒன்று, இன்காக்னிட்டோ ஜன்னலில் நுழைந்தது ஒன்று என ஒவ்வொன்றும் தனி செஷன், அதாவது தனி உள்நுழைவு. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால் எந்த பிரவுசர், எந்த இடம், முதலில் எப்போது நுழைந்தது என்று தெரியும். போனின் பெயரும் குழப்பும். கடையில் வாங்கும்போது சொன்ன பெயருக்குப் பதில் மாடல் எண் நிற்கலாம். சாம்சங் என்றால் எஸ்எம், ஓப்போ என்றால் சிபிஎச், ரியல்மி என்றால் ஆர்எம்எக்ஸ் என்று தொடங்கும். உங்கள் போனின் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' திறந்து அதே எண்ணா என்று ஒப்பிட்டுவிட்டு, பிறகு கவலைப்படுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது இடம்தான். தென்காசியில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் நுழைந்தால் பட்டியலில் சென்னை என்றோ மும்பை என்றோ வரலாம். கூகுள் இடத்தைக் கணிப்பது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண்ணை வைத்து. மொபைல் நிறுவனங்கள் ஊர்வாரியாக முகவரி கொடுப்பதில்லை. உங்கள் இணைப்பு வலைப்பின்னலை விட்டு எங்கே வெளியேறுகிறதோ அந்த நகரம்தான் தெரியும். எனவே வேறு நகரம் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. சாதனம், பிரவுசர், நேரம் மூன்றும் உங்களோடு பொருந்தி இடம் மட்டும் பொருந்தாவிட்டால் அது அநேகமாக நீங்கள்தான். இடம் உங்கள் ஊராகவே இருந்து, உங்களிடம் இல்லாத விண்டோஸ் கணினி ஒன்று நின்றால் அதுதான் கவலைக்குரியது. தெரிந்தவர் யாராவது நுழைந்தால் இடம் சரியாகத்தானே காட்டும்?

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஜிமெயிலிலேயே ஒரு பக்கம் உண்டு. போன் செயலியில் கிடையாது, கணினி பிரவுசரில் மட்டும். இன்பாக்ஸின் அடிப்பகுதி வரை இறங்கினால் வலது மூலையில் 'லாஸ்ட் அக்கவுண்ட் ஆக்டிவிட்டி' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதன் கீழ் 'டீடெய்ல்ஸ்' என்பதைச் சொடுக்குங்கள். ஒரு சிறு ஜன்னல் திறந்து, மெயில் கடைசியாகத் திறக்கப்பட்ட விவரங்களை அட்டவணையாகக் காட்டும்: எந்த வழியில், எந்த ஐபியிலிருந்து, எத்தனை மணிக்கு. வழி என்ற பத்தியில் பிரவுசர், மொபைல், ஐமேப், பாப்3 என்று இருக்கும். கடைசி இரண்டும் வேறு மெயில் மென்பொருள்கள் உங்கள் மெயிலை எடுக்கும் வழிகள். நீங்கள் எந்த மெயில் மென்பொருளும் பயன்படுத்தாமல் அங்கே ஐமேப் நின்றால், யாரோ உங்கள் அஞ்சல் பெட்டியை மொத்தமாகத் தன் கணினிக்கு இறக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் புதிய அவுட்லுக் போன்ற சில செயலிகள் உங்கள் ஜிமெயிலைத் தங்கள் சர்வர் வழியாக எடுத்து வருவதால் வெளிநாட்டு முகவரி காட்டும். அது உங்கள் ஏற்பாடுதானா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஐபி முகவரியைப் பார்த்து மிரள வேண்டாம். நீளமான, நடுநடுவே முக்காற்புள்ளி வைத்த முகவரி 2409:40 என்று தொடங்கினால் ஜியோ, 2401:4900 என்று தொடங்கினால் ஏர்டெல். வீட்டில் இருப்பது இந்த இரண்டும்தான் என்றால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. அந்த ஜன்னலிலேயே மற்ற எல்லா ஜிமெயில் வெப் செஷன்களிலிருந்தும் வெளியேறும் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்துவதற்கு முன் முழு அட்டவணையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அட்டவணை மிகச் சிறியது. நீங்கள் நாலு தடவை மெயில் திறந்து பார்த்தால் பழைய வரிகள் கீழே தள்ளப்பட்டு மறைந்துவிடும். பிறகு சைபர் கிரைம் போலீசிடம் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

எச்சரிக்கை மெயில் எது, பொறி எது

புதிய சாதனத்தில் நுழைந்தால் கூகுள் ஒரு மெயில் அனுப்பும். அதே தோற்றத்தில் போலி மெயிலும் வரும். அனுப்புநர் முகவரியைப் பார்த்தால் போதும் என்று சொல்லும் அறிவுரை இப்போது செல்லாது. 2025 ஏப்ரலில் கூகுளின் முகவரியிலிருந்தே வந்ததாகக் காட்டி, மெயில் அசலா என்று பார்க்கும் டிஜிட்டல் கையொப்பச் சோதனையையும் தாண்டிய போலி மெயில்கள் புழங்கின. கூகுள் உண்மையிலேயே அனுப்பிய ஓர் எச்சரிக்கையை அப்படியே மறுபடி அனுப்பும் தந்திரம் அது. இணைப்பைச் சொடுக்கினால் போய்ச் சேரும் பக்கமும், யார் வேண்டுமானாலும் இணையப் பக்கம் உருவாக்கக்கூடிய கூகுள் சைட்ஸில் கட்டியது. முகவரியில் கூகுள் என்றே இருக்கும். அசலான உள்நுழைவு அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம் என்ற முகவரியில் மட்டும்தான் நடக்கும். ஆனால் எல்லா நேரமும் முகவரிப் பட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

அதைவிட எளிய வழி: மெயிலில் உள்ள பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். போனில் செட்டிங்ஸ் வழியாக நீங்களே 'ரீசன்ட் செக்யூரிட்டி ஆக்டிவிட்டி'க்குப் போங்கள். மெயிலில் சொன்ன நிகழ்வு அங்கே அதே நேரத்தோடு இருந்தால் மெயில் உண்மை. இல்லையென்றால் குப்பை.

மெயில் தவிர இன்னும் இரண்டு சமிக்ஞை வரும். கேட்காமலேயே எஸ்எம்எஸ்ஸில் ஜி- என்று தொடங்கும் ஆறு இலக்கக் குறியீடு வருவது ஒன்று. யாராவது தன் எண்ணை அடிக்கும்போது ஓர் இலக்கம் பிசகினாலும் அது உங்களுக்கு வரும். யாரிடமும் சொல்லாதவரை ஆபத்தில்லை. உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா என்று போன் திரையில் கேள்வி எழும்புவது மற்றொன்று. இது கொஞ்சம் கனமானது. உங்கள் கடவுச்சொல் வெளியே போயிருக்கலாம், அல்லது கடவுச்சொல் மறந்துவிட்டதாகச் சொல்லி யாரோ மீட்க முயலலாம். இரவு இரண்டு மணிக்குத் தொடர்ந்து பத்து முறை அனுப்புவார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு 'யெஸ்' விழுந்தால் போதும் அவர்களுக்கு. 'நோ' என்று அழுத்திவிட்டு, காலையில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவைத் தடுத்துவிட்டோம் என்ற எச்சரிக்கை வந்தால் காலை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

ஜெராக்ஸ் கடைக் கணினி

நம் ஊரில் கணக்கு வெளியே போகும் வழிகளில் ஹேக்கர் என்று யாரும் இல்லாத வழியே அதிகம். ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்க, சான்றிதழ் விண்ணப்பிக்க, கடைக் கணினியில் ஜிமெயில் திறப்போம். வரிசையில் பின்னால் ஆள் நிற்பார். பிரின்ட் வந்ததும் ஜன்னலை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஜன்னலை மூடுவது வெளியேறுவது ஆகாது. இதைவிட மோசம், நுழையும்போது குரோம் கேட்கும் சிங்க் (உங்கள் தரவை இந்தக் கணினியிலும் கொண்டுவரவா என்ற) கேள்விக்கு அவசரத்தில் சரி என்று அழுத்துவது. அப்படிச் செய்தால் ஜிமெயில் மட்டுமல்ல, உங்கள் குரோமில் சேமித்த கடவுச்சொற்கள், புக்மார்க்குகள் எல்லாம் அந்தக் கடைக் கணினிக்கு இறங்கிவிடும். வீட்டுக்கு வந்து 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் அந்தக் கணினியைத் தேடி 'சைன் அவுட்' அழுத்தினால் இனி புதிதாக எதுவும் போகாது; ஏற்கெனவே இறங்கியது அங்கேயே கிடக்கலாம். எனவே அப்படி நடந்திருந்தால் வங்கி, சமூக ஊடகம் என்று சேமித்து வைத்திருந்த முக்கியமான கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். வேலை கூடத்தான்.

கடைக் கணினியில் ஜிமெயில் திறந்தே ஆக வேண்டுமென்றால் குரோமில் வலது மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டு 'கெஸ்ட்' ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். எல்லா கெஸ்ட் ஜன்னல்களையும் மூடியதும் தடயம் அழிந்துவிடும். அதைவிட எளிது, தேவையான அந்த ஒரு கோப்பை மட்டும் கடைக்கு அனுப்பிவிடுவது. ஆதார் நகலைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவது வேறொரு தலைவலி, அது இருக்கட்டும்.

இன்னொன்று, மொபைல் கடையில் போன் வாங்கியபோது கடைக்காரரே உருவாக்கிக் கொடுத்த கணக்கு. அப்பா, அம்மா போன்களில் இது மிகச் சாதாரணம். மீட்பு மெயிலாகக் கடைக்காரரின் முகவரி, மீட்பு எண்ணாக எப்போதோ ரீசார்ஜ் போடாமல் விட்ட பழைய சிம். பயன்படுத்தாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, சில மாதம் கழித்து வேறொருவருக்கு விற்கப்படும். அன்றைக்கு உங்கள் அம்மாவின் கணக்கைத் திறக்கும் குறியீடு முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். 'செக்யூரிட்டி' பக்கத்தில் 'ரெகவரி போன்', 'ரெகவரி ஈமெயில்' இரண்டையும் திறந்து பாருங்கள். மற்றதை எல்லாம் விட்டாலும் இதை மட்டும் விடக் கூடாது.

வந்தவர் வைத்துவிட்டுப் போனது

ஜிமெயிலைக் கணினி பிரவுசரில் திறந்து, பற்சக்கரக் குறியைத் தொட்டு 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். அங்கே மூன்று தாவல்களைப் பார்த்தாக வேண்டும்.

'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரசஸ்' முதலில். புகுந்தவர் ஒரே ஒரு ஃபில்டர் வைத்தாலே போதும்: வங்கிப் பெயரோ 'செக்யூரிட்டி அலர்ட்' என்ற சொல்லோ உள்ள மெயில் வந்தால் இன்பாக்ஸைத் தாண்டவிடு, படித்ததாகக் குறி, அழித்துவிடு. அதற்குப் பிறகு கூகுள் எத்தனை எச்சரிக்கை அனுப்பினாலும் அது உங்கள் கண்ணில் படாது. போன் செயலியில் ஃபில்டர்கள் தெரியாது என்பதால், போனில் மட்டுமே மெயில் பார்ப்பவர் இதை ஆண்டுக்கணக்கில் கவனிக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் வைக்காத எதையும் அழியுங்கள். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட். அதில் யாருக்கு ஃபார்வர்டு ஆகிறது என்ற முகவரி இருந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்' இரண்டாவது. இங்கே ஃபார்வர்டிங் அணைக்கப்பட்டதாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முழுப் பெட்டியையும் அனுப்பாமல், குறிப்பிட்ட மெயில்களை மட்டும் ஃபில்டர் வழியாக அனுப்பவும் முடியும். தெரியாத முகவரி ஒன்று பட்டியலில் சும்மா கிடந்தாலும் நீக்குங்கள்.

மூன்றாவது 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்'. 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்ற வரியில் வேறு யாருடைய முகவரியாவது இருந்தால், அவர் உங்கள் கடவுச்சொல் தெரியாமலேயே மெயிலைப் படிக்கலாம், உங்கள் பெயரில் அனுப்பலாம், அழிக்கலாம். சட்டபூர்வமான வசதிதான், அலுவலகங்களில் உதவியாளருக்குக் கொடுப்பார்கள். தனிப்பட்ட கணக்கில் பெரும்பாலோருக்கு அந்த வரி காலியாக இருக்க வேண்டும். 'சென்ட் மெயில் ஆஸ்' பகுதியில் பதில் போகும் முகவரியையும் பார்த்துவிடுங்கள்.

அழிக்கப்பட்ட எச்சரிக்கைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தேடல் பெட்டியின் வலப்பக்கம் உள்ள குறியைத் தொட்டால் விரிவான தேடல் திறக்கும். அனுப்புநர் இடத்தில் கூகுள் என்று போட்டு, எங்கே தேடுவது என்ற இடத்தில் 'மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் ட்ராஷ்' தேர்ந்தெடுங்கள். ட்ராஷில் போனது 30 நாள் வரை அங்கே இருக்கும். நீங்கள் பார்த்திராத எச்சரிக்கை மெயில் ட்ராஷில் படித்ததாகக் குறிக்கப்பட்டுக் கிடந்தால், வந்தவர் எந்த நாளில் வந்தார் என்று அதுவே சொல்லிவிடும்.

ஜிமெயிலுக்கு வெளியே, கணக்குப் பக்கத்தில், மற்ற செயலிகளுக்கும் சேவைகளுக்கும் கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இருக்கும். என்றோ விளையாடிய கேம், பிடிஎஃப் மாற்றும் தளம் என்று நீளும். வெறும் பெயரும் மெயில் முகவரியும் பார்க்கும் செயலி பெரிய விஷயமில்லை. ஜிமெயிலைப் படிக்கவோ டிரைவைத் திருத்தவோ அனுமதி பெற்றவற்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்ற பக்கத்தையும் திறங்கள். 16 எழுத்துள்ள அந்தத் தனிக் கடவுச்சொல் இருந்தால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கேட்காமலேயே ஐமேப் வழியாக மெயில் எடுக்க முடியும். கணக்கில் உள்ள எல்லாவற்றையும் இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட்டில் உங்கள் தரவுப் பிரதி எப்போதாவது கேட்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாகப் பிரதி எடுக்கும் தேர்வு அங்கே உண்டு.

சரிபார்ப்பு வழிகளும் அப்படித்தான். புகுந்தவர் தன் போனை, தன் ஆதென்டிகேட்டர் செயலியை (நுழைவுக் குறியீடு உருவாக்கும் செயலி), தன் பாஸ்கீயை (கடவுச்சொல்லுக்குப் பதில் போன் பூட்டு, விரல்ரேகையால் நுழையும் வழி) சேர்த்துவிட்டிருந்தால் அதுவும் கொல்லைக் கதவுதான். ஒவ்வொரு வரியும் உங்களுடையதா என்று பாருங்கள். போன் கையில் இல்லாதபோது நுழைய உதவும் பேக்கப் குறியீடுகள் பத்து, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிய தொகுதி எடுத்தால் பழைய பத்தும் செல்லாமல் போகும். சந்தேகம் இருந்தால் புதிது எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கணக்கின் போட்டோஸில் வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. உறவினருக்குக் கொடுத்த பழைய போனில் உங்கள் கணக்கு இன்னும் இருந்தால், 'நீங்கள்தானா' என்ற கேள்வி அந்தப் போனுக்கும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

உறுதியாகவே புகுந்துவிட்டார் என்றால்

வரிசை முக்கியம். கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) மென்பொருள், கேமில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் நிரல் போன்றவற்றை நிறுவிய கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல் மாற்றினால் புதியதும் அவர்களுக்கே போகும். அந்த வகைத் திருட்டு நிரல் பிரவுசரின் குக்கீயை அப்படியே எடுத்துப்போகும். குக்கீ என்பது ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று என்ற அடையாளச் சீட்டு. அதை வைத்திருப்பவரிடம் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. யூடியூப் சேனல்கள் பறிபோவதில் பெரும்பகுதி இப்படித்தான்; விளம்பர ஒப்பந்தம் என்று ஒரு கோப்பு வரும், திறந்ததும் முடிந்தது. புதிய உள்நுழைவு என்று எச்சரிக்கை வராமலும் போகலாம்.

எனவே சுத்தமான ஒரு போனில், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இணைப்பில் தொடங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்கள் முதலில். பிறகு மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதா என்று பார்த்துத் திருத்துங்கள். அதன் பிறகு கடவுச்சொல். மாற்றியதும் பெரும்பாலான சாதனங்கள் வெளியேற்றப்படும், எல்லாம் அல்ல. சரிபார்ப்புக்குப் பயன்படும் போன், அனுமதி பெற்ற சில செயலிகள் உள்ள சாதனம், வீட்டு ஸ்பீக்கர் போன்றவை தங்கிவிடலாம். எனவே 'யுவர் டிவைசஸ்' போய்த் தெரியாதவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். திருடிய குக்கீ அப்போதுதான் செல்லாக்காசாகும். பாதிக்கப்பட்ட கணினியைச் சுத்தம் செய்யும் வரை அதில் மறுபடி நுழையாதீர்கள். அடுத்து சரிபார்ப்பு வழிகள், அனுமதிகள், கடைசியாக ஜிமெயிலின் அந்த மூன்று தாவல்கள்.

உள்ளேயே நுழைய முடியவில்லை, எண்ணையும் மாற்றிவிட்டார் என்றால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மீட்பு எண்ணையோ மெயிலையோ மாற்றிய ஏழு நாள் வரை, பழைய எண்ணுக்கோ மெயிலுக்கோ குறியீடு பெறும் வழியைக் கூகுள் காட்டக்கூடும். அதனால் தெரிந்த அன்றே முயலுங்கள். எப்போதும் நுழையும் அதே போன், அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபையில் முயல்வதுதான் பலன் தரும். நண்பரின் லேப்டாப்பில் இரண்டு முறை, பிரவுசிங் சென்டரில் மூன்று முறை என்று மாறி மாறி முயன்றால் உங்களை நம்பக் கூகுளுக்குக் காரணமே இல்லாமல் போகும். கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று கட்டணம் கேட்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள்தான். கூகுளின் கணக்கு மீட்புக்குக் கட்டணம் கிடையாது.

பணம் போயிருந்தால் கணக்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், பிறகு சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரைப் பதியுங்கள். ஐபி அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட், ஃபில்டரில் இருந்த முகவரி, ட்ராஷில் கிடைத்த மெயிலின் தேதி மூன்றையும் அதோடு இணைத்துவிடுங்கள்.